காற்று மாறியதைச் சொன்ன விதம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் அவரை ‘டவர் சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். விமான நிலையத்தில் உயரமான கண்ணாடி அறையில் உட்கார்ந்து, இந்த விமானம் இறங்கலாம், அந்த விமானம் கிளம்பலாம் என்று சொல்கிற கண்ட்ரோலர் அவர். பெயரை வைத்தது மைத்துனர். பெயர் கட்டடம் முழுக்கப் பரவியது. அதற்கான காரணம் பரவவில்லை. ஒருநாள் மூன்றாம் மாடி அம்மா லிஃப்டில் அவரை மடக்கினார்.

“டவர் சார், எங்க ஹால்ல மட்டும் சிக்னலே வர மாட்டேங்குது. ஆபீஸ்ல சொல்லிக் கொஞ்சம் பாருங்களேன்.”

அது வேற டவர் என்று விளக்கிப் பார்த்தார். அந்த அம்மா, செய்ய மனசில்லாதவன் சொல்லும் சாக்கைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல், “பாக்குறேன்மா” என்றார். அந்த வாரமே சிக்னல் வந்துவிட்டது. அன்றிலிருந்து கட்டடத்தில் அவருக்குத் தனி மரியாதை. இத்தனை வருஷம் விமானங்களைப் பத்திரமாக ஏற்றி இறக்கியதற்கு ஒருவரும் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை.

சொல்லாவிட்டால் என்ன, அவருக்கு அவரே சொல்லிக்கொள்வார். ஆகாயத்தின் வாசலில் தான் உட்கார்ந்திருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. வீட்டுக்கு வந்தாலும் அது இறங்காது. கண்ட்ரோலர் சொன்னதை பைலட் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர் தொழிலின் விதி. வீட்டிலும் அந்த விதியைக் கொண்டுவந்தார். “கேஸ் அடுப்ப அணைச்சிடு” என்று மகளிடம் சொன்னால், “சரிப்பா” போதாது. “அடுப்ப அணைக்கிறேன்” என்று வர வேண்டும். மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவர். நாள் முழுக்க மற்றவர்களின் முழங்காலை மடக்கி நீட்டிவிட்டு வருகிறவர். கல்யாணமான புதிதிலேயே தீர்மானமாகச் சொல்லிவிட்டார். “நான் என்ன ஏரோபிளேனா? கேட்டா கேட்டேன், கேக்கலேன்னா கேக்கல. விடுங்க.”

டவரில் அவருடைய ராஜ்யம் உண்மையில் சின்னது. ஓடுபாதையும் அதைச் சுற்றியுள்ள கொஞ்சம் ஆகாயமும்தான். விமானம் மேலே ஏறியதும் அதை வேறொரு ஊரில் இருக்கும் ரேடார் நிலையம் வாங்கிக்கொள்ளும். அதனால் ஒரு விமானத்தைக் கிளப்புவதற்கு முன்னால், நேர்த் தொடர்பு போனை எடுத்து, “இதை அனுப்பட்டுமா?” என்று ரேடாரைக் கேட்க வேண்டும். எந்தப் பக்கமாகக் கிளம்புகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் தங்கள் திரையைப் பார்த்து, இடம் இருந்தால் “அனுப்புங்க” என்பார்கள். பெண்ணைக் கொடுக்கிற வீட்டுக்கும் எடுக்கிற வீட்டுக்கும் நடுவே இருப்பதுபோல இரண்டு நிலையங்களுக்கும் எப்போதும் ஒரு முறுக்கு இருக்கும். தாங்கள் சொல்வது அவர்கள் காதில் ஏறுவதில்லை என்று இவர்களும், இவர்கள் அரைகுறையாகச் சொல்கிறார்கள் என்று அவர்களும்.

ரேடாரில் பெரும்பாலும் இவரோடு பேசுகிறவருக்கு டவர்க்காரர்கள் வைத்த பெயர் ‘மூக்கடைப்பு’. எந்தப் பருவத்திலும் ஜலதோஷம் பிடித்த குரல். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனாலும் வருஷக்கணக்காக, விமானங்களுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில், முதுகுவலி, பிள்ளைகளின் பரீட்சை, மாமனார் பிடுங்கல் எல்லாம் பேசியிருக்கிறார்கள். மூக்கடைப்பின் மனைவிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டபோது, இவர் தன் மனைவியிடம் கேட்டு, கையை எப்படித் தூக்கி இறக்க வேண்டும் என்று போனிலேயே பயிற்சி சொல்லிக்கொடுத்தார்.

பிறகு ஒரு மழை நாளில் அது கெட்டது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் விமானங்கள் வரிசை கட்டி நின்றன. ரேடார் அனுமதி கொடுக்காமல் இழுத்தது. இவர் பொறுமை இழந்து, “என்ன சார், அங்க தூக்கமா?” என்று கேட்டுவிட்டார்.  மூக்கடைப்பு சொன்னார்: “உங்களுக்கு ஜன்னல் இருக்கு, வேடிக்கை பாருங்க. எங்களுக்கு வேலை இருக்கு.”

வேடிக்கை! ஆகாயத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து! அன்றிலிருந்து இவர் அந்த மனிதரோடு தேவைக்கு மேல் ஒரு எழுத்துகூடப் பேசுவதில்லை என்று முடிவெடுத்தார். அவரும் அப்படியே எடுத்திருப்பார் போல. “அனுப்பட்டுமா?” “அனுப்புங்க.” “ம்.” அவ்வளவுதான். வயசு ஐம்பதைத் தொடப் போகிறது, பள்ளிக்கூடத்தில் காய் விட்ட பையன்கள் மாதிரி நடந்துகொண்டோம் என்று இன்றைக்கு அவரே சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்கு அதைத் தொழில் கண்ணியம் என்று நினைத்துக்கொண்டார்.

சம்பவம் நடந்த மதியம் வெயில் மங்கலாக இருந்தது. வழக்கம்போல விமானங்கள் கடல் பக்கமாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. வருகிறவை மலைப் பக்கமிருந்து வந்து இறங்கின. ஒரு சரக்கு விமானத்தை அனுப்ப ரேடாரிடம் அனுமதி வாங்கிவிட்டார். விமானம் கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கும்போதே காற்று திரும்பியது. காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டிய துணிக்குழாய் துவண்டு விழுந்து, பிறகு எதிர்ப்பக்கம் நிமிர்ந்து நின்றது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும். அதனால் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்ற வேண்டியதாயிற்று. கிளம்புகிறவை இனி மலைப் பக்கம், வருகிறவை கடல் பக்கம். அப்படி மாற்றினால் ரேடாருக்குச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே வாங்கிய அனுமதி செல்லாது. புதிதாகக் கேட்க வேண்டும்.

இவர் போனை எடுத்தார். மூக்கடைப்புதான் வந்தார்.

“என்ன?”

அந்த ‘என்ன’வில் ஒரு ‘சார்’ இல்லாதது இவருக்குச் சுருக்கென்றது. நானும் குறைத்துக்கொள்கிறேன் என்று, “காத்து மாறிடுச்சு” என்றார்.

“ம்” என்றார் மூக்கடைப்பு.

அந்த ‘ம்’தான் புது அனுமதி என்று எடுத்துக்கொண்டு இவர் போனை வைத்துவிட்டார்.

பக்கத்து இருக்கையில் ‘புதுசு’ இருந்தார். வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்ட கண்ட்ரோலர்தான். ஆனால் இவர் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. இவர் போனில் பேசி வைத்ததைப் பார்த்த புதுசு, சார் ரேடாரிடம் எல்லாம் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். மலைப் பக்கமிருந்து ஒரு பயணிகள் விமானம் வந்துகொண்டிருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். காற்று மாறியதைச் சொன்னோமே, அதை ரேடார்க்காரர்கள் கடல் பக்கம் சுற்றிக்கொண்டு வரச் சொல்லியிருப்பார்கள் என்று இவராகவே முடிவு கட்டினார். சரக்கு விமானத்தை மறுமுனைக்கு நகர்த்தி, மலைப் பக்கம் பார்த்துக் கிளப்பிவிட்டார்.

அது மேகத்துக்குள் நுழைந்து மறைந்த கொஞ்ச நேரத்தில் நேர்த் தொடர்பு போன் அலறியது. எடுத்தார்.

“என்ன சார் அனுப்பியிருக்கீங்க? எங்க அனுப்பியிருக்கீங்க?” மூக்கடைப்பு கத்தினார். குரலில் மூக்கடைப்பே இல்லை. பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டார்.

அங்கே நடந்தது இதுதான். கடல் பக்கம் எழ வேண்டிய புள்ளி, திரையில் மலைப் பக்கம் எழுந்து, இறங்கி வரும் பயணிகள் விமானத்துக்கு நேர் எதிரே ஏறிக்கொண்டிருந்தது. மூக்கடைப்பு பயணிகள் விமானத்தை இடப்புறம் ஒடிக்கச் சொன்னார். சரக்கு விமானம் முதல் வணக்கம் சொல்ல ரேடாரைக் கூப்பிட்டதும், வணக்கத்தை முடிக்க விடாமல் அதையும் அதன் இடப்புறம் திருப்பினார். இரண்டும் விலகிப் போயின. இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. ஆனால் மோதவில்லை.

இவர் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். புதுசுதான் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, “நீங்க எழுந்திருங்க சார், நான் பாத்துக்கிறேன்” என்றார். எழுந்தார். வருகிற பயணிகள் விமானத்தைப் புதுசே பத்திரமாக இறக்கினார். மேலதிகாரி வந்து, விசாரணை முடிகிறவரை இரண்டு ஊரிலும் சம்பந்தப்பட்டவர்கள் இருக்கையில் உட்கார வேண்டாம் என்றார்.

கீழே இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல், ஏனென்று தெரியாமல், பயணிகள் வெளியே வரும் வாசலில் போய் நின்றார். அந்த விமானத்தில் வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கொட்டாவி விட்டபடி, போனைத் தடவியபடி, பெட்டியின் சக்கரம் உடைந்ததற்குப் புருஷனைத் திட்டியபடி. தலைக்கு மேல் எது தப்பிப் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு அம்மா அவர் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு, “தம்பி, இத டாக்ஸில ஏத்த ஒரு கை குடுங்களேன்” என்றார். பெட்டியைத் தூக்கி வைத்தார். “நல்லா இருப்பா” என்று அந்த அம்மா தோளைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். டாக்ஸி போன பிறகு, தூணுக்குப் பின்னால் போய் நின்று அவர் அழுதார். ஒரு துப்புரவுப் பணியாளர், யாரையோ வழியனுப்பிவிட்டு அழுகிறார் என்று நினைத்து, “போனவங்க வந்துடுவாங்க சார்” என்று ஆறுதல் சொன்னார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். மனைவி முதலில் கேட்டது, “யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?” என்றுதான்.

“ஆகல.”

“சாப்பிடுங்க.”

தட்டு காலியாகிறவரை மனைவி பரிமாறினார். பிறகு கேட்டார்: “அந்த மனுஷனோட நீங்க பேச்ச நிறுத்தினதே எனக்குத் தெரியாது. அவங்க வீட்டம்மா தோள் எப்படி இருக்குன்னு நான் கேக்கும்போதெல்லாம் ‘நல்லாருக்கு’ன்னு சொன்னீங்களே, அது யார் சொன்னது?”

“நானாதான் சொன்னேன்.”

“அதான பாத்தேன்” என்றார் மனைவி.

விசாரணை ரேடார் நிலையத்தில் நடந்தது. பஸ்ஸில் போகும்போது முழுக்க, மூக்கடைப்பைக் கற்பனை செய்துகொண்டு போனார்: ஒல்லியாக, நெட்டையாக, உதடு மடிந்த, யாரையும் மதிக்காத ஒரு ஆள். அறைக்குள் நுழைந்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் பூசணிக்காய் மாதிரி உருண்டையாக ஒருவர், கைக்குட்டையைக் கசக்கியபடி, பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் பாதி எழுந்தார். எழலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியிலேயே நின்றார்.

“நீங்கதானா?” என்றார். அந்தக் குரலைக் கேட்டதும்தான் இவருக்கும் நம்பிக்கை வந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி, கண்ணாடி போட்ட, நிதானமான அம்மா. ஒலிப்பதிவைப் போட்டார். அறையில் முதலில் “என்ன?” கேட்டது. பிறகு இவர் குரல்: “காத்து மாறிடுச்சு.” தன் குரல் இப்படியா இருக்கும் என்று இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிம்மாசனத்தில் சாய்ந்துகொண்டு சேவகனிடம் செய்தி சொல்வதுபோல் ஒரு இழுப்பு. அதற்குப் பிறகு, “ம்.”

அதிகாரி நிறுத்தினார். “‘காத்து மாறிடுச்சு’ன்னா என்ன அர்த்தம் சார்?”

“ரன்வே பக்கம் மாத்திட்டோம்னு அர்த்தம் மேடம்.”

“அப்ப ரன்வே மாத்திட்டோம்னே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம் மேடம்.”

“ஏன் சொல்லல?”

யோசித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் இருந்தன. வேலைப்பளு, நேரமின்மை, நடைமுறையில் வழக்கத்தில் உள்ள சுருக்கம். எதுவும் வாயில் வரவில்லை. “இவரோட கோவம் மேடம். ரெண்டு வார்த்தைக்கு மேல பேசக் கூடாதுன்னு வெச்சிருந்தேன்” என்றார்.

அதிகாரி அதை எழுதவில்லை. எப்படி எழுதுவது என்று யோசிப்பதுபோல் பேனாவைப் பார்த்தார். பிறகு மூக்கடைப்பிடம் திரும்பினார்.

“நீங்க ‘ம்’னு சொல்லியிருக்கீங்க. அது என்ன ‘ம்’? புரிஞ்சுதுன்னா, புரியலன்னா, சரின்னா?”

பதிவை மறுபடி போட்டார்கள். ம். இன்னொரு முறை. ம். ரேடார் நிலையத்தின் மேலதிகாரி அது ஒப்புக்கொள்கிற ‘ம்’ மாதிரி இல்லை என்றார். டவரின் மேலதிகாரி அது தெளிவான சம்மதம்தான் என்றார். தன் மனைவி அப்படி ‘ம்’ போட்டால் சம்மதமில்லை என்று அர்த்தம் என்றார் ரேடார் மேலதிகாரி. தன் வீட்டிலும் அப்படித்தான் என்று டவர் மேலதிகாரி வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்.

“சந்தோஷத்துல சொன்ன ‘ம்’ மேடம்” என்றார் மூக்கடைப்பு.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். “ரொம்ப மாசமா சார் எங்கிட்ட வேலையத் தவிர ஒண்ணும் பேசினதில்ல. அன்னிக்குப் போன் பண்ணி ‘காத்து மாறிடுச்சு’ன்னாங்க. எங்க ரூம்ல ஜன்னல் கெடையாது. முன்னெல்லாம் வெளிய மழையா வெயிலான்னு சார்தான் சொல்லுவாங்க. சமாதானமாப் பேச வராங்கன்னு நெனச்சிட்டேன். அந்த சந்தோஷத்துல ரன்வே பத்திக் கேக்கணும்னே தோணல. என் தப்புதான்.”

 இவருக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருக்கலாம்.

கடைசியாகப் புதுசைக் கேட்டார்கள். “சார் போன்ல பேசினத பாத்தேன். சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன். ‘என்ன சொன்னீங்க?’ன்னு கேட்டிருக்கணும். கேக்கல.”

“ஏன்?”

புதுசு இவரை ஒரு பார்வை பார்த்தார். “சார்தான் மத்தவங்களத் திருப்பிச் சொல்லச் சொல்லுவாங்க மேடம். சாரைத் திருப்பிச் சொல்லச் சொல்ற பழக்கம் டவர்ல யாருக்கும் இல்ல.”

முடிவு கடுமையாக வரவில்லை, லேசாகவும் வரவில்லை. இவரும் மூக்கடைப்பும் மறுபயிற்சி முடித்துத் தேர்ச்சி பெறுகிறவரை தனியாக இருக்கையில் உட்காரக் கூடாது. ஓடுபாதை மாற்றத்தை அந்தந்த முனைக்குரிய எண்ணைச் சொல்லித்தான் தெரிவிக்க வேண்டும், மறுபக்கம் அந்த எண்ணைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் போனை வைக்க வேண்டும். ‘ம்’ என்பது இனி பதிலாக எடுத்துக்கொள்ளப்படாது என்று சுற்றறிக்கையிலேயே வந்தது. சர்க்கார் காகிதத்தில் ‘ம்’ தடை செய்யப்பட்டதற்குத் தான்தான் காரணம் என்பதில் அவருக்கு ஒரு கேவலமான பெருமைகூட உண்டு.

மறுபயிற்சியின் முதல் பகுதி ரேடார் அறையில். ஜன்னல் இல்லாத, குளிர்ந்த, அரையிருட்டு அறை. மூக்கடைப்புக்கு வருஷம் பூரா ஏன் ஜலதோஷம் என்று அங்கே உட்கார்ந்த முதல் மணி நேரத்திலேயே தும்மித் தெரிந்துகொண்டார். திரையில் தன் விமான நிலையத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. ரேடார்ப் பெண் ஒருவர் ஓரத்தில் விரல் வைத்துக் காட்டினார். கொசு கடித்த தடிப்பு அளவுக்கு ஒரு வட்டம். அதைப்போல் இன்னும் பல வட்டங்கள், எல்லாவற்றிலிருந்தும் போன், எல்லாப் போனிலும் “அனுப்பட்டுமா, அனுப்பட்டுமா” என்று அவசரப்படுத்தும் குரல்கள். ஒவ்வொரு குரலும் தான்தான் ஆகாயத்தின் வாசல் என்ற தோரணையில் இருந்தது. ஒருவர், “என்ன மேடம், ஆள் இருக்கீங்களா?” என்று கேட்டபோது, இவர் தன்னையறியாமல், “என்ன திமிரு பாருங்க” என்றார். அந்தப் பெண் புன்னகைத்தார். அந்தப் புன்னகையின் அர்த்தம் மதியச் சாப்பாட்டின்போதுதான் அவருக்கு உறைத்தது.

இரண்டாவது பகுதி சொந்த டவரில், புதுசின் மேற்பார்வையில். தனக்குக் கீழே இருந்தவரிடம் ஒவ்வொரு தவறுக்கும் திருத்தம் வாங்கினார். புதுசு கண்டிப்பானவர். “சார், முழுசா சொல்லுங்க.” “சார், அவங்க திருப்பிச் சொல்றதுக்கு முன்னாடி வெச்சிட்டீங்க.” முதல் வாரம் அவருக்குக் காது சிவந்தது. இரண்டாவது வாரம் சிவப்பு குறைந்தது. தேர்வில் தேறிய அன்று, புதுசு என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். “வேணாம் சார், எல்லாருக்கும் பழகிடுச்சு. நாங்களும் உங்களுக்கு ஒரு பேர் வெச்சிருக்கோம், அதையும் மாத்த முடியாது” என்றார் புதுசு. அது என்ன பெயர் என்று இன்றுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியமும் வரவில்லை.

மூக்கடைப்பும் தேர்வில் தேறி இருக்கைக்குத் திரும்பினார். முதல் அழைப்பில் இருவரும் எண்களை ஒழுங்காகச் சொல்லி, ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார்கள். பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை.

“சார்” என்றார் இவர். “உங்க வீட்டம்மாவுக்குத் தோள் எப்படி இருக்கு?”

“அது எப்பவோ சரியாயிடுச்சு. இப்ப முழங்கால்.”

“சாயங்காலம் கேட்டுச் சொல்றேன்.”

ரேடார்க்காரர்களும் டவருக்கு வந்து ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. மூக்கடைப்பு ஒரு காலையில் வந்தார். படிகளில் மூச்சு வாங்கி, நின்று நின்று ஏறினார். கண்ணாடி அறைக்குள் நுழைந்ததும் சுவரோரமாக ஒட்டிக்கொண்டார். உயரம் என்றால் அவருக்குப் பயமாம். “இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார் இவர். “நீங்க சிரிப்பீங்கன்னு சொல்லல” என்றார் அவர். இவர் சிரிக்கவில்லை. நாற்காலியை நடுவில் இழுத்துப்போட்டு உட்கார வைத்தார்.

அப்போது ஒரு பெரிய பயணிகள் விமானம் கிளம்பத் தயாராக நின்றது. இவர் நேர்த் தொடர்பு போனை எடுத்து, ஓடுபாதை எண்ணைச் சொல்லி, அந்த எண் திரும்பி வருகிறவரை காத்திருந்து, விமானத்துக்கு அனுமதி கொடுத்தார். அது உறுமிக்கொண்டு ஓடியது. கண்ணாடிகள் அதிர்ந்தன. மூக்கடைப்பு நாற்காலியை விட்டு எழுந்தது அவருக்கே தெரிந்திருக்காது. கண்ணாடிக்கு அருகே வந்து, இரண்டு கையையும் சட்டத்தில் ஊன்றி நின்றார். விமானம் மூக்கைத் தூக்கி, சக்கரங்கள் தரையை விட்டு, வயிறு வெயிலில் பளீரென்று மின்ன மேலே ஏறியது.

“இவ்வளவு பெருசா?” என்றார். “தெனம் நூத்துக்கணக்குல பாக்குறேன். எங்க திரையில இது ஒரு அரிசி. உள்ள அத்தனை பேர் உக்காந்திருக்காங்க, இல்ல?”

“ஆமா சார்.”

“அன்னிக்கு வந்துதே, அதுவும் இவ்வளவு பெருசா?”

“இதைவிடக் கொஞ்சம் சின்னது.”

மூக்கடைப்பு தலையாட்டினார். இருவரும் அந்த விமானம் மேகத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து புதுசு, “சார், அடுத்தது ரெடியா நிக்குது” என்றார். இவர் மைக்கை எடுத்தார். மூக்கடைப்பு நகரவே இல்லை. அடுத்ததையும் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன் என்றார்.